புறங்கையால் தொட்டுப் பார்க்கும் அம்மா

பத்தாம் திகதி சம்பளம் கைக்கு வந்தது. அடுத்த இரண்டு நாளில் கடைக்கடன் தீர்ந்தது. மிச்சத்தைச் சின்னப் பர்ஸில் மடித்து வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் ஏறிவிட்டார் அக்கா. தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். பத்திரிகையில் பெயர் வேண்டாம் என்றார். "அக்கான்னே எழுதுங்க, எல்லா லயத்துலயும் ஒரு அக்கா இருக்குல்ல." மூத்த மகள் பத்தாம் தரம். சின்னவன் நான்காம் தரம். மாமியாருக்கு எழுபது தாண்டிவிட்டது. வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு கடையில் வேலை. மே மாதத்து மழை பிடிக்குமுன் வீட்டிலிருக்கும் மூன்று பேருக்கும் உடம்புக்குச் சூடாக ஏதாவது வாங்க வேண்டும். மூன்று பேர் என்று அக்கா சொன்ன கணக்கில் அக்கா இல்லை.

மார்ச் மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் இருக்கிறது. சித்திரைச் சீசன் தொடங்கிவிட்டால் கொழும்பு ஆட்கள் மலைக்கு ஏறுவார்கள். நுவரெலியாவில் ஜாக்கெட் விலையும் அவர்களோடு ஏறும்.

நுவரெலியா பேல் பஜாரின் ஒடுங்கிய வழியில் இரண்டு பக்கமும் ஜாக்கெட் தொங்குகிறது. கறுப்பு, ஊதா, செங்கல் சிவப்பு, இராணுவப் பச்சை. தொப்பி வைத்தது, வைக்காதது, பஞ்சு அடைத்தது, உள்ளே ரோமம் போல மெத்தென்று இருப்பது. அக்கா மூன்று கடைகளை நின்று பார்க்காமலே கடந்தார். நான்காவது கடையில் தலையை நிமிர்த்தி, "நானா, அந்த மெரூன் கலர இறக்குங்க" என்றார். கடைக்காரர் கொக்கியால் எடுத்து மேசையில் போட்டார். அக்கா கையை நீட்டினார். விரலால் தொடவில்லை. கையைத் திருப்பி, புறங்கையால் அந்தத் துணியை மெல்லத் தடவினார்.

ஏன் அப்படி என்று கேட்டேன். கையை விரித்துக் காட்டினார். கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் கொழுந்துச் சாயம் ஏறிக் கறுத்திருந்தன. எவ்வளவு தேய்த்தாலும் போகாத கறுப்பு. நுனியில் வெடிப்பு, வெடிப்பின் ஓரம் அரம்போல் சொரசொரத்தது. "இந்த வெரலு பட்டா நல்ல துணியில நூலு இழுத்துக்கிரும் தங்கச்சி. அப்பறம் நானா ஏசுவாரு. அதோட வெரலுக்கு மெத்துன்னு இருக்குதா இல்லையான்னு தெரியாது. இந்தப் பக்கந்தான் தெரியும்."

எனக்கு நெஞ்சில் ஏதோ தட்டியது. ஹட்டனில் தீபாவளி நெரிசலில் புடவைக் கடை மேசை முன்னால் என் அம்மாவும் இப்படித்தான் நிற்பார். கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, பொடியன் விரித்துக் காட்டும்போது மட்டும் புறங்கையை நீட்டுவார். அம்மாவுக்குக் கூச்சம் என்று அந்த வயதில் நினைத்துக்கொண்டேன். அது கூச்சமில்லை, துணியைச் சோதிக்கும் முறை என்று புரிய எனக்கு முப்பது வருடம் பிடித்திருக்கிறது.

காயுமா, காயாதா?

இலங்கை என்றால் வெயிலும் கடலும் தென்னையும் என்று எண்ணுகிறவர்களுக்கு எங்கள் குளிர் தெரியாது. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீட்டர் உயரம். தை, மாசியில் விடியற்காலை புல்லில் பனி உறையும், தேயிலைத் தளிர் கருகிப்போகும். ஹட்டன் அவ்வளவு உயரமில்லை, அங்கே வாட்டுவது மழை. தென்மேற்குப் பருவக்காற்று முதலில் வந்து மோதுவது எங்கள் மேற்குச் சரிவுகளில்தான். ஹட்டனுக்குக் கீழே வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை கொட்டும். நாட்டிலேயே அதிக மழை விழும் இடங்களில் அதுவும் ஒன்று.

அந்த மழையில் லயத்துக்குள் வாழ்கிற ஒரு தாய்க்கு 'வசதியான உடுப்பு' என்றால் முதல் கேள்வி, காயுமா என்பதுதான். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு, மேலே தகரம். பத்து நாள் விடாமல் பெய்தால் கொடியில் போட்ட துணி பத்து நாளும் ஈரம். பாடசாலை உடுப்பு வெள்ளை. அதை அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போடுவார்கள். காயும், ஆனால் விறகுப் புகையின் வாசம் துணியோடு கலந்துவிடும். டவுன் பாடசாலையில் சேர்ந்த முதல் வாரம் பக்கத்து மேசைப் பிள்ளை என்னிடமிருந்து மூக்கைத் திருப்பிக்கொண்டது இன்னும் மறக்கவில்லை. அன்று இரவு அம்மா எதுவும் பேசவில்லை. மறுநாளிலிருந்து என் சட்டையை அடுப்புக்கு மேலே போடாமல், இரவில் பாய்க்கு அடியில் விரித்து, அதன்மேல் தான் படுத்து, உடம்புச் சூட்டில் காயவைத்துத் தந்தார்.

பருத்தி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நனைந்த பருத்திச் சட்டை உடம்பின் சூட்டையும் சேர்த்து உறிஞ்சும், காயவும் நேரம் எடுக்கும். ஆட்டு ரோமம் ஈரத்தை வாங்கினாலும் சூட்டை விடாது, ஆனால் கனத்துப்போகும். பொலியெஸ்டர் இழை தன் எடையில் ஒரு வீதம் ஈரத்தைக்கூட உள்ளே விடாது. அந்த இழையைச் சீவிப் பஞ்சுபோல் எழுப்பினால் நடுவில் காற்று தங்கும், அந்தக் காற்றுதான் சூடு. 'ஃபிளீஸ்' என்று கடையில் சொல்லும் மெத்தென்ற துணி இப்படித்தான் 1970களின் கடைசியில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆலை ஒன்றில் பிறந்தது. உதறிப் போட்டால் இஸ்தோப்புக் கொடியிலேயே ஒரு இரவில் பெரும்பாலும் காய்ந்துவிடும். இந்த விளக்கமெல்லாம் அக்காவுக்குத் தேவைப்படவில்லை. "இது தண்ணி குடிக்காத துணி" என்று ஒரே வரியில் முடித்தார்.

தங்கை வைத்த சிப்

மெரூன் ஜாக்கெட்டை அக்கா சோதித்த விதத்தை முழுதாக எழுத வேண்டும். கடையில் நின்று இவ்வளவு கவனமாக ஒரு பொருளைப் பார்க்கிற ஆளை நான் கொழும்பிலும் கண்டதில்லை.

முதலில் உள்பக்கத்தை வெளியே திருப்பினார். வெளி அழகு பிறகு. அக்குளில் நாலு தையலும் வந்து சேரும் இடத்தை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். சிப்பை ஐந்து முறை ஏற்றி இறக்கினார், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேகமாக. பஞ்சு அடைத்த பகுதியைக் கடை பல்புக்கு எதிரே பிடித்து எங்காவது கட்டி கட்டியாக நிற்கிறதா என்று பார்த்தார். மூக்கில் வைத்து மோந்தார், களஞ்சியத்தில் ஈரம் பட்டுப் பூஞ்சணம் பிடித்திருந்தால் வாசம் காட்டிக்கொடுக்கும். பொக்கெட்டுக்குள் தன் போனைப் போட்டு முன்னால் குனிந்தார். போன் விழவில்லை. கை முனையில் இலாஸ்டிக் இருக்கிறதா என்று கடைசியில்தான் பார்த்தார். அது இல்லாவிட்டால் வேலை செய்யும்போது கை நீளம் கீழிறங்கி எரிச்சலைக் கிளப்பும்.

கழுத்தில் லேபல் வெட்டப்பட்டிருந்தது. பேல் பஜாருக்கு வருகிற பலருக்கும் இதன் அர்த்தம் தெரியும். வெளிநாட்டுக் கம்பெனிக்காகத் தைத்ததில் மீந்தது, அல்லது சிறு குறையால் தள்ளியது. ஓடரில் கேட்ட எண்ணிக்கைக்கு மேல் கொஞ்சம் கூடுதலாகவே கார்மென்ட்டில் வெட்டுவார்கள். நூலின் நிறம் சற்று மாறினாலும், ஊசி ஒரு தையல் தாண்டினாலும், கப்பல் தேதி தவறினாலும் அந்த உடுப்பு ஐரோப்பாவுக்குப் போகாது. பெயரை வெட்டிவிட்டு உள்ளூர்ச் சந்தைக்கு வரும். ஐரோப்பியப் பனிக்காகத் தைத்த ஜாக்கெட்டைக் கொழும்பில் யார் போடுவார்? குளிர்கிற எங்கள் மலைக்குத்தான் வந்து சேர வேண்டும்.

இதில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது ஒன்று. கட்டுநாயக்க ஏற்றுமதி வலயம் தொடங்கியது 1978இல். 1992இல் ஜனாதிபதி பிரேமதாச 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தை அறிவித்த பிறகு கிராமங்களுக்கும் கார்மென்ட் வந்தது. தோட்டத்தில் பெயர் பதிய விரும்பாத எங்கள் பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்த மெஷின்களுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள், இன்றும் உட்கார்ந்திருக்கிறார்கள். அக்காவின் தங்கை ஆறு வருடம் கட்டுநாயக்கவில் இருந்தார். சிப் வைக்கும் வரிசை. "சிப்பு ஒரு நூல் கோணினாக்கூட கியூசியில தள்ளிருவாங்கன்னு அழுதுக்கிட்டே போன் பண்ணும். அத வச்சுத்தான் நா சிப்ப இப்புடிப் பாக்குறது." இந்த நாடு ஆண்டுக்கு 450 கோடி டாலருக்கு மேல் ஆடை விற்கிறது, 130 கோடி டாலருக்கு மேல் தேயிலை விற்கிறது. அக்கா தேயிலையில், தங்கை ஆடையில். நல்ல தேயிலை கொழும்பு ஏலத்துக்குப் போய்விடும், லயத்தில் கொதிப்பது தூள். நல்ல ஜாக்கெட் கப்பலேறிவிடும், லேபல் வெட்டியது அக்காவிடம் வரும். அப்படி வந்ததிலும் நல்லதைப் பொறுக்கி எடுக்கிற கண் அக்காவுக்கு இருக்கிறது. அந்தக் கண்ணை நான் மதிக்கிறேன்.

2,800 என்றார் நானா. 1,800 என்றார் அக்கா. நானா ஜாக்கெட்டை மடித்து உள்ளே வைக்கப் போனார். அக்கா அடுத்த கடையைப் பார்த்தார். 2,200க்கு முடிந்தது.

தோட்டத்துக் கணக்கில் அது ஒரு முழுப் பேருக்கு மேலே. 'பேர்' என்றால் ஒரு நாள் வேலை. தோட்டம் சொல்லும் கிலோவை, பல இடங்களில் 18, பறித்துக் கொடுத்தால்தான் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவைத் தொட்டது. அடுத்த ஆண்டு நாடே சரிந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது, அந்த ஆயிரம் பாதியாகத் தேய்ந்தது. 2024இல் 1,350 வந்தது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் அடிப்படைச் சம்பளம் 1,550, அரசாங்கத்தின் வருகைக் கொடுப்பனவு 200, ஆக மொத்தம் 1,750 என்று அறிவித்தார்கள். இதற்குள் அரிசி, மா, பஸ், டியூஷன், தீபாவளி முற்பணத்தின் மாதக் கழிவு, சீட்டு. நெருக்கடிக்கு முன்பே, 2019இல் அரசாங்கம் எடுத்த கணக்கெடுப்பில், தோட்டத்துறையில் நூறில் 33.8 பேர் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். நகரத்தில் அது 6 பேர். அக்கா சிப்பை ஐந்து முறை இழுத்துப் பார்த்ததை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

அம்மாச்சியின் கம்பளி

200 வருடத்துக்கு முன் திருச்சி, புதுக்கோட்டை, மதுரைச் சீமைகளிலிருந்து கோப்பித் தோட்டத்துக்கு நடந்து வந்தவர்கள் சமவெளியின் பருத்தித் துணியோடு இந்தக் குளிருக்குள் ஏறினார்கள். தோட்டம் கம்பளி கொடுத்தது. அதன் விலையைச் சம்பளத்தில் கழித்தது. அரிசியும் அப்படித்தான். மற்றதைப் பெரிய கங்காணியின் கடையில் கடனுக்கு வாங்க வேண்டும். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிறபோது ஆளின் கடனும் துண்டில் எழுதப்பட்டுக் கூடவே போனது. 1921இல்தான் அந்தத் துண்டு முறை ஒழிந்தது. தனக்கு வேண்டியதைப் பார்த்து, தொட்டு, விலை பேசி வாங்குகிற சுகம் எங்கள் பாட்டிமாருக்கு அநேகமாகக் கிடைக்கவே இல்லை. கொடுத்ததை உடுத்தினார்கள்.

என் அம்மாச்சியின் கம்பளி எனக்கு நினைவிருக்கிறது. கறுப்பும் சாம்பலும் கலந்த நிறம், ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு. மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக் கூடைக் கயிற்றை அதன்மேல் வைப்பார். நனைந்தால் ஈர நாயின் வாசம். கழுத்தில் உராய்ந்து உராய்ந்து தோல் தடித்துப் போயிருந்தது. ஒரு நாள் தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்துக் கழுத்துப்படுகிற இடத்தில் வைத்துத் தைத்துவிட்டார். அந்த வேட்டித் துண்டுக்கும் ஓரத்தில் நீல நூலால் சின்னதாகப் பூ. மழையில் யாரும் பார்க்கப்போவதில்லை, கம்பளிக்கு உள்ளே இருக்கிற பூ. வசதியும் அழகும் வசதிப்பட்டவர்களின் ஆசை என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த நீலப் பூ ஞாபகம் வரும்.

1973, 74 பஞ்சத்தில் எங்கள் அம்மா மாச்சாக்குத் துணியில் தைத்த பாவாடை உடுத்தியிருக்கிறார். ஆங்கில எழுத்து எத்தனை தடவை துவைத்தும் போகவில்லையாம். எழுத்து பின்னால் விழாமல் மடிப்புக்குள் மறையும்படி தைக்கச் சொல்லி அம்மாச்சியிடம் அழுததாகச் சொல்வார். பிறகு 1984. அந்த வருடத்து வேலைநிறுத்தத்துக்குப் பின்னால்தான் தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் வந்தது. அதற்கு முன் அதே மலையில் அதே மழையில் நின்ற பெண்ணுக்குக் குறைவு. சம்பளம் கூடியும், அதைப் பல வீடுகளில் புருஷன்மார்தான் போய் எண்ணி வாங்கி வந்தார்கள். இன்று அக்கா தன் பர்ஸிலிருந்து 2,200ஐ எண்ணி மேசையில் வைக்கிறார். அந்த எளிய காரியத்துக்குப் பின்னால் இத்தனை வருடங்கள் இருக்கின்றன.

மகளுக்கு ஒன்று

மெரூன் ஜாக்கெட் சின்னவனுக்கு, இரண்டு அளவு பெரிதாக. கையை உள்ளே மடித்துத் தைத்தால் மூன்று வருடம் ஓடும். மகளுக்கு வாங்குவதுதான் சிக்கல். போனில் படம் அனுப்பியிருந்தாள். தோள் இறங்கிய, தொளதொளத்த, முன்னால் ஒற்றைப் பொக்கெட் வைத்த கறுப்பு ஹூடி. அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "சாக்கு மாதிரி இருக்கு. லெச்சணமா உடம்போட நிக்க வேணாமா?" என்று என்னைக் கேட்டார். பிறகு அரை மணி நேரம் அதே கறுப்பு ஹூடியைத்தான் கடை கடையாகத் தேடினார்.

ஏன் என்று பஸ்ஸில் சொன்னார். மகள் சனிக்கிழமைகளில் ஹட்டனுக்கு டியூஷன் போகிறாள். முதல் மாதம் ஸ்வெட்டருக்கு மேல் சால்வை சுற்றிப் போனாள். 'தோட்டக்காட்டான்' என்று பின்வரிசையில் ஒரு பொடியன் சொன்னது காதில் விழுந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து சால்வையைப் பெட்டிக்குள் வைத்தவள் அதைப் பிறகு எடுக்கவில்லை. குளிரில் நடுங்கிக்கொண்டு வெறும் சட்டையோடு போய் வந்தாள். "அதுக்குப் புடிச்சது எதுவோ அதுதான் அதுக்குச் சூடு" என்றார் அக்கா.

ஸ்டைல் என்ற சொல்லைச் சிலர் எங்கள் பிள்ளைகளிடம் குற்றம்போலச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். சாப்பாட்டுக்கே இழுபறி, இதில் ஸ்டைல் வேறா என்பார்கள். பஸ்ஸில் ஏறினால், பேங்குக்குப் போனால், ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் உடுப்பைப் பார்த்தே ஆளை அளக்கிற ஊரில், தன்னை யாரும் அப்படி அளக்கக் கூடாது என்று ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை நினைப்பது எப்படித் தப்பாகும்? அந்தக் கறுப்பு ஹூடிக்கு அக்கா 1,600 கொடுத்தார். அன்று பேரம் பேசாமல் வாங்கிய ஒரே பொருள் அதுதான்.

வீட்டுக்குள் பார்த்தாலும் இதே கை, இதே கண். பழைய புடவை எதுவும் வீணாகாது. ஒன்று குழந்தைக்குத் தொட்டிலாகும், ஒன்று காம்பராவை இரண்டாகப் பிரிக்கும் திரையாகும், நைந்ததைக் கைத்தையலில் அடுக்கி மெத்தை விரிப்பாக்குவார்கள். சிங்கர் கம்பெனி இலங்கைக்கு வந்தது 1877இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் முதல் தேயிலை போட்டுப் பத்து வருடத்தில். இன்றும் லயத்துக்கு ஒரு வீட்டிலாவது மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கும். பேல் ஜாக்கெட்டின் கை நீளத்தைக் குறைப்பதும், கிழிந்த ஸ்வெட்டரைக் குழந்தைத் தொப்பியாக்குவதும் அந்த வீட்டு அக்காவின் வேலை.

தனி வீடு கிடைத்தவர்களிடமும் இதே கண்தான். 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மோடி நோர்வூட்டுக்கு வந்தபோது இந்திய வீடமைப்பில் மேலும் 10,000 வீடு என்று அறிவித்தார். ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடி, இரண்டு அறை, தனிச் சமையலறை. இன்னும் காத்திருப்பவர்கள்தான் அதிகம். கிடைத்த வீடுகளுக்குள் நான் போயிருக்கிறேன். அம்மாமார் முதலில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவது ஜன்னல் திரையை. லயத்துக் காம்பராவில் திரை போட ஜன்னல் எங்கே இருந்தது? எந்தக் கடையில் வாங்கியது, பக்கத்து வீட்டில் பச்சை என்பதால் தான் மஞ்சள் எடுத்தது, கம்பிக்கு எவ்வளவு என்று எல்லாம் சொல்வார்கள். தேத்தண்ணி ஆறிவிடும், திரைக் கதை முடியாது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலை சரிந்து பல வீடுகள் திரையோடு போயின. நிவாரண முகாமுக்குத் துணி பொதி பொதியாக வந்தது. கொடுத்தவர்கள் நல்ல மனதோடு கொடுத்தார்கள். ஆனால் அந்தக் குவியலுக்கு முன்னால் ஒரு தாய் நின்ற நிலை என் கண்ணைவிட்டுப் போகவில்லை. மகளுக்கு உள்ளாடை தேடினார். அளவு கிடைக்கவில்லை. கேட்கவும் கூசினார். மாதவிடாய்த் துணி, நாப்கின் என்று வாய்விட்டுக் கேட்க இன்னும் கூச்சம். 2018க்கு முன் இறக்குமதி நாப்கினுக்கு வரிகள் மட்டும் சேர்ந்து 100 வீதத்தைத் தாண்டியிருந்த நாடு இது. நாள் முழுக்க மலையில் நிற்கிற, பக்கத்தில் கழிவறை இல்லாத பெண்ணின் வசதியை அன்று யார் நினைத்தார்கள்?

மலைக்கு யார் தைப்பது?

இவ்வளவு நேரமும் வீட்டுக்கு வாங்குவதைப் பற்றிச் சொன்னேன். வேலைக்கு உடுத்துவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

காலைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்குப் போகிற அக்காவின் உடம்பில் என்ன இருக்கிறது என்று எண்ணினேன். ஒரு பழைய சட்டை, அதன்மேல் வீட்டுக்காரரின் கை நீளச் சட்டை. இடுப்பில் படங்கு, அதாவது தேயிலை வாது குத்தாமலும் ஈரம் ஏறாமலும் இருக்கச் சுற்றிக் கட்டும் தடித்த சீட். கயிற்றால் இறுக்கினால்தான் நிற்கும், இறுக்கிய இடத்தில் இடுப்பைச் சுற்றிக் காய்ப்பு. மழைக்குத் தலையில் உரப் பை, ஒரு மூலையை உள்ளே தள்ளிக் கொங்காணியாக. காலில் பாட்டா செருப்பு, அல்லது அதுவும் இல்லை. அட்டைக்குச் சவர்க்காரமும் உப்பும், காசிருந்தால் சித்தாலேப. முதுகில் கூடை, அதன் பாரம் முழுக்க நெற்றிக்கு மேலே ஒரு கயிற்றில்.

நம் நாட்டில் மலையேறும் வெள்ளைக்காரருக்கு எலும்பு வரை நனையாத கோட் தைக்கத் தெரிந்த கைகள் இருக்கின்றன. தையல் ஓட்டை வழியே ஒரு சொட்டும் இறங்காமல் உள்ளே டேப் ஒட்டும் மெஷின் இருக்கிறது. பாரத்தைத் தோளுக்கும் இடுப்புக்கும் பிரித்துக் கொடுக்கும் பட்டி எப்படித் தைப்பது என்று பாடசாலைப் பை செய்கிறவர்களுக்குக்கூடத் தெரியும். இத்தனைக்கும் நடுவில் கொழுந்து பறிக்கிற ஒரு பெண்ணின் உடம்பை அளந்து, அவளிடம் கேட்டு, அவளுக்கென்று ஒரு நல்ல மழைக்கோட்டும் ஒரு படங்கும் ஒரு கூடைப்பட்டியும் ஊரெங்கும் ஏன் வரவில்லை? 150 வருடத்துக்கு மேலான தொழில் இது.

கேட்டால் அக்காவிடம் பதில் தயாராக இருக்கிறது. கை முட்டிக்குக் கீழே கோட் இருக்கக் கூடாது, பறிக்கும்போது வாதில் மாட்டும். தொப்பி காதை மூடக் கூடாது, பக்கத்து நிரையில் கூப்பிடுவதும் குளவி கலைந்தால் கத்துவதும் கேட்க வேண்டும். முதுகுப் பக்கம் காற்றுப் போக வழி வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வியர்வை, வெளியே மழை, இரண்டிலும் நனைவு. படங்குக்குக் கயிறு வேண்டாம், அகலப் பட்டியும் கொக்கியும் போதும். முன்னால் ஒரு பொக்கெட், போனுக்கும் ரொட்டிக்கும். "கலரு?" என்று கேட்டேன். நொடிகூட யோசிக்காமல் சொன்னார்: "மஞ்சள். மிஸ்டுல புள்ளைங்க தூரத்திலேருந்தே பாத்து, அதோ எங்கம்மான்னு சொல்லணும்."

பேல் பஜாரிலிருந்து வெளியே வரும்போது அக்காவின் கையில் இரண்டு பை. மாமியாருக்கு ஒரு சாம்பல் நிற ஃபிளீஸ் மேலங்கி, முன்னால் பொத்தான் வைத்தது. சிப் கிழவிக்குப் பழக்கமில்லை. அக்காவுக்கென்று ஒன்றும் இல்லையா என்று நான் கேட்கவில்லை. பஸ் நிலையத்துக்குத் திரும்பும் இடத்தில் நடைபாதையில் ஒரு பெண் பிளாஸ்டிக் விரிப்பில் கம்பளிச் சொக்ஸ் பரப்பியிருந்தார். அக்கா குந்தி உட்கார்ந்தார். பச்சையில் வெள்ளைக் கோடு போட்ட ஒரு சோடியை எடுத்து, புறங்கையால் தடவினார், திருப்பிப் போட்டார், திரும்பவும் எடுத்தார். "இது என் காலுக்கு" என்று என்னிடம் சொல்லிவிட்டு 250 ரூபா எண்ணிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து சேர இருட்டிவிட்டது. மகள் ஹூடியைப் போட்டுக்கொண்டு இஸ்தோப்பு பல்புக்குக் கீழே நின்று போனில் தன்னைத் தானே படம் பிடித்தாள். சின்னவன் மெரூன் ஜாக்கெட்டின் சிப்பை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தான். மாமியார் மேலங்கியை மடியில் வைத்து, என்ன விலை என்று கேட்டார். அக்கா உண்மை விலையில் பாதியைச் சொன்னார். கிழவி நம்பியதாகத் தெரியவில்லை. கையைத் திருப்பிப் புறங்கையால் அந்தத் துணியைத் தடவினார், ஒருமுறை, இன்னொருமுறை. பிறகு எழுந்து, சுவரில் பழைய கம்பளி தொங்குகிற ஆணியிலிருந்து கம்பளியை எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு, மேலங்கியை அந்த ஆணியில் மாட்டினார்.